ப்ளேன் குடிச்ச நெட்

...குடிச்சிடுச்சுக்கா. சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சிடுச்சு. மாசம் பொறந்து இன்னும் பாதிகூட ஆகல, அதுக்குள்ள வீட்டு நெட் காலி. யாரு குடிச்சதுன்னு கேளுங்க. வேண்டாம், கேக்காதீங்க, வாயை அசைச்சா மூஞ்சியில போட்ட பேக் விரிசல் விட்டுடும். நானே சொல்லிடறேன். ப்ளேன். எங்க வீட்டு ப்ளேன் குடிச்சிடுச்சு.

புருவத்தைத் தூக்காதீங்கக்கா. இப்பதான் அதைத் திருத்தி ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வந்திருக்கேன், நெத்தியில வேற இன்னும் ஈரம். ஆமா, ப்ளேன்தான். வீட்டுக்குள்ள ஏது ப்ளேன்னு நீங்க நெனக்கிறது எனக்குப் புரியுது. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை இருக்கு, மேசை மேல கம்ப்யூட்டர், அதுக்கு முன்னாடி கியர் கம்பி மாதிரி ஒரு கைப்பிடி. ப்ளேன் ஓட்டுற விளையாட்டு, அதுதான் ப்ளேன். பைலட் எங்க வீட்டுக்காரரு. பகல்ல டவுன் பஸ் டிரைவரு. சாயங்காலம் டூட்டி முடிச்சு வந்து, யூனிஃபார்ம் சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, பனியனோட போய் உக்காந்தாருன்னா பைலட்டு.

நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன், வீட்டுக்கு வந்தா காலை நீட்டிப் படுக்கலாம், பொண்டாட்டிகிட்ட நாலு வார்த்தை பேசலாம். அதெல்லாம் கிடையாது. இந்த வண்டிய விட்டு எறங்கி அந்த வண்டியில ஏறணும்.

கண்ணு மேல வெள்ளரிக்காய் வைக்கட்டுமா? வேண்டாமா. சரி சரி, கையை ஆட்டாதீங்க, வைக்கல. நீங்க வெறும் புருவம் திருத்தத்தான் வந்தீங்க, அது எனக்கு நல்லாத் தெரியும். உங்களைப் பிடிச்சு உக்கார வெச்சு, முகம் பூரா பேக் அப்பி, நாலு மணி வரைக்கும் எந்திரிக்காதீங்கன்னு சொன்னது என் தப்புத்தான். ஆனா நான் என்ன பண்ணுவேன்? மாடலா வரேன்னு சொன்ன எதிர்வீட்டுப் பொண்ணு காலைலருந்து தும்முது. தும்முற மூஞ்சியில பேக் போட முடியுமா? நீங்க கதவைத் தள்ளிட்டு உள்ள வந்தீங்க பாருங்க, கடவுளே கைப்பையை மாட்டிட்டு வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

விஷயம் இதுதான். டவுன்ல ஒரு பெரிய பார்லர் இருக்குல்ல, அங்க புதுசா சேர்ற பொண்ணுங்களுக்குக் கத்துக்கொடுக்க ஆள் எடுக்கறாங்க. நானும் எழுதிப் போட்டேன். நான் படிச்சது கிராமத்துப் பள்ளிக்கூடம், ஆனா கை வேலையில என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கூப்பிட்டாங்க. மேடம் வெளியூர்ல இருக்காங்களாம், அதனால இன்னைக்கு நாலு மணிக்கு வீடியோவுல வருவாங்க. பேக் எப்படிக் கழட்டுறேங்கறதுலருந்து கடைசி வரைக்கும் பாக்கணுமாம். காஞ்ச பேக்குல ஒரு விரிசல் இருக்கக் கூடாது, தண்ணி ஒழுகக் கூடாது, சொல்லிக்கிட்டே செய்யணும். இந்த முன்னறையில ஒத்தை நாற்காலி போட்டுக்கிட்டு எத்தனை நாளைக்குக்கா? எனக்கும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு ஆசை இருக்காதா? அது கெடைக்கிறதும் போறதும் இன்னைக்கு நாலு மணியில இருக்கு. நாலு மணியில நெட் இல்ல.

இருக்குன்னு பேரு. மாச அளவு தீந்துட்டா நெட் கம்பெனிக்காரங்க சுத்தமா நிறுத்த மாட்டாங்க, நூல் மாதிரி விடுவாங்க. காலைல ஒரு படம் திறந்து பாத்தேன். முதல்ல தலைமுடி வந்துச்சு. நான் குட்டியக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து பாக்கறேன், அப்பதான் மூக்கு வந்திருக்கு. இதுல மேடத்தைக் கூப்பிட்டா அவங்க தாடை வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும்.

என்ன, ஃபோனைக் காட்டுறீங்க? ஃபோன் நெட்டா? ஒரு கோடு இருக்கா பாருங்க. இருக்காது. இந்தச் சுவரெல்லாம் அந்தக் காலத்துக் கல்லு, உள்ள சிக்னலே வராது. மாடியில ரெண்டு கோடு வரும், அதுக்காக உங்களை இந்தக் கோலத்துல மொட்டை மாடிக்கு ஏத்தினா தெருவுல போறவன் விழுந்தடிச்சு ஓடுவான். காசு கட்டி இன்னும் கொஞ்சம் நெட் வாங்கலாம்னா, அது மாசத்துக்கு இத்தனை தடவைதான்னு வெச்சிருக்காங்க. அதையும் வாங்கி ப்ளேனுக்கு ஊத்தியாச்சு.

பறந்து எங்க போறாருன்னு நெனக்கிறீங்க? உலகம் மொத்தமும் அதுக்குள்ள இருக்குங்கறாங்க. கடல் இருக்கு, பனிமலை இருக்கு, பேர் தெரியாத தீவெல்லாம் இருக்கு. இவரு பஸ் ரூட்டு மேல போறாருக்கா. சத்தியமா. ஊருக்கு வெளிய இருக்கற ஏர்போர்ட்ல கெளம்பி, நேரா டிப்போவுக்கு வந்து, அங்கருந்து மார்க்கெட் மேல, ஆஸ்பத்திரி மேல, பாலத்து மேல, கடைசி ஸ்டாப். அங்க ஒரு வட்டம் அடிச்சுட்டு அதே வழியில திரும்பி வர்றது. திரும்பும்போது வலது பக்கக் கண்ணாடியப் பாக்கறாரு. ப்ளேன்ல ஏது பக்கக் கண்ணாடி? சுவத்துல மாட்டின காலண்டர்தான் இருக்கு, அதைப் பாத்துட்டுத் திரும்புவாரு. ஒருநாள் மார்க்கெட் மேல போகும்போது தன்னை மறந்து, "படியில நிக்காத, உள்ள வா"ன்னு கத்திட்டாரு. பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருந்த எங்க குட்டி பயந்துபோய் அழ ஆரம்பிச்சிடுச்சு. அது பாவம், என் துப்பட்டாவ இடுப்புல பெல்ட்டாக் கட்டிக்கிட்டு ஒழுங்கா உக்காந்திருந்த பயணி.

சிரிக்காதீங்கக்கா. கன்னத்துல அசையுது. மூச்சை இழுத்து விடுங்க. ஆங், அப்படித்தான்.

எங்க அத்தை இருக்காங்களே, அவரோட அம்மா, அவங்க முதல்ல இதெல்லாம் வெட்டி வேலைன்னு திட்டிக்கிட்டிருந்தாங்க. ஒருநாள் வந்து நாற்காலிக்குப் பின்னாடி நின்னு பாத்தாங்க. "டேய், நம்ம வீட்டு மேல போ, மாடியில துணி காஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லு"ன்னாங்க. அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை, போனாரு. மாடிக் கொடியில நீலமா ஒண்ணு தெரியுது. எங்க பழைய நீலப் போர்வை. அது காணாமப் போய் எவ்வளவு நாளாச்சுங்கறீங்க. பக்கத்து வீட்டம்மாதான் எடுத்துட்டாங்கன்னு அத்தை அவங்ககிட்டப் பேச்சு வார்த்தையே வெச்சுக்கல. "அம்மா, அது எப்பவோ எடுத்த படம்மா"ன்னு இவரு சொல்லச் சொல்ல, "அடப்பாவி, போர்வை அங்கதானே தொங்குது, அந்தப் புண்ணியவதியப் போய்ச் சந்தேகப்பட்டேனே"ன்னு மூட்டு வலியோட மாடி ஏறிட்டாங்க, எடுத்துட்டு வர்றதுக்கு. இறங்கி வந்ததும் அவரை ஒரு பார்வை பாத்தாங்க. அன்னைலருந்து அவரு வீட்டு மேல பறக்கறதில்ல, கொஞ்சம் சுத்திக்கிட்டுத்தான் போவாரு.

நான் ஒருநாள் நேராவே கேட்டேன். ஏங்க, பகல் முழுக்கப் போன ரோடு, அதையே மேலருந்து பாக்க என்ன இருக்குன்னு. அவரு சொன்னாரு. ஆஸ்பத்திரி தாண்டினா ஒரு நீளச் சுவர் வரும்ல, கேட்டு எப்பவும் மூடியிருக்குமே, கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து அதை ஒட்டித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். உள்ள ஒரு குளம் இருக்கு. பெரிய குளம், நடுவுல திட்டு, திட்டு மேல ஒரு மரம். தினம் அவ்வளவு தண்ணிக்குப் பக்கத்துல போயிருக்கேன், தெரியாமயே போயிருக்கேன்... அப்படின்னாரு. அதைச் சொல்றப்ப அவர் மூஞ்சிய நீங்க பாக்கணும்க்கா. குட்டிக்குப் புதுப் பல்லு முளைச்சப்ப கண்ணாடியில பாத்துப் பாத்துச் சிரிச்சுதே, அதே மூஞ்சி. அதுக்கப்புறம் ஒரு வாரம் என்னால திட்டவே முடியல.

அப்புறம் நெட் தீந்துச்சு. திட்ட முடிஞ்சுது.

அது எப்படித் தெரியுமா? எனக்கு அவரு சொல்லித்தான் தெரியும். அந்த விளையாட்டுல ப்ளேன் மட்டும்தான் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்காம். கீழ தெரியற வீடு, மரம், ஆறு, ரோடெல்லாம் எங்கயோ வெளியூர்ல இருக்கற பெரிய கம்ப்யூட்டர்லருந்து நெட் வழியாப் படம் படமா வருதாம். இவரு பறக்கப் பறக்க அங்கருந்து தரைய அள்ளிக் கொட்டிக்கிட்டே இருக்கணும். தரைய நெட்ல வரவழைச்சுப் பறக்கற மனுஷனை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

சரி, குறைச்சுக்கோங்கன்னேன். நல்ல மனுஷன், குறைச்சாரு. இதுக்கு மேல நெட் எடுக்காதேன்னு அதுலயே ஒரு பூட்டு இருக்கு போலருக்கு, அதைப் போட்டாரு. நெட் மிச்சமாச்சு. ஆனா ஊரு உருகிடுச்சுக்கா. மார்க்கெட்டு பிசைஞ்சு வெச்ச மண்ணு மாதிரி, ஆஸ்பத்திரி கரைஞ்ச சோப்பு மாதிரி. டிப்போவ அவராலயே கண்டுபிடிக்க முடியல. ரெண்டு நாள் அப்படியே பறந்தாரு, மூணாம் நாள் சாப்பிடும்போது, "குளம் சேறாயிடுச்சு"ன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்பதான் என் கொழுந்தனார் ஒரு வழி சொன்னாரு. அவரு ஒரு ஆபீஸ்ல வேலை பாக்கறாரு, அங்க நெட்டுக்குக் கணக்கே கிடையாது. அண்ணே, நீ எப்பவும் ஒரே ரூட்டுல தானே பறக்கறே, அந்த ரூட்டுல இருக்கற ஊரை மட்டும் ஒரே தடவையா எறக்கி கம்ப்யூட்டர்ல சேத்து வெச்சுக்கோ, அப்புறம் எத்தனை தடவை பறந்தாலும் வீட்டு நெட்டைத் தொடாதுன்னாரு. எனக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு. தெருக்குழாய்ல குடம் குடமாப் பிடிக்கறதுக்குப் பதிலா வீட்டுல ஒரு தொட்டி கட்டி நெரப்பி வெச்சுக்கறது. அவ்வளவுதானே? நாங்கதான் தண்ணி தூக்கி வளந்தவங்களாச்சே.

ஒரு ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டுல சுத்தி, குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டுத் தம்பி ஆபீஸுக்குப் போனாரு. அனுமதி வாங்கித்தான்க்கா, திருட்டுத்தனம் எங்க குடும்பத்துலயே கிடையாது. சதுரம் சதுரமா ஊரைக் குறிச்சு, டிப்போலருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் எறக்கினாராம். குளத்துக்கு மட்டும் ரொம்பத் தெளிவா வேணும்னு தனியா ஒரு சதுரம். பொழுதடைய வந்தாரு. வந்து கம்ப்யூட்டரை மேசை மேல வெச்சுட்டு, நெஞ்சை நிமித்தி, "இனிமே உன் நெட்டுல ஒரு துளி எடுத்தேன்னா என்னைக் கேளு. ஊரு இப்ப நம்ம வீட்டுக்குள்ள இருக்கு"ன்னாரு.

கேட்டேனா இல்லையா? இன்னைக்குக் காலைல கேட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. தொட்டி தொட்டின்னீங்களே, அப்ப நெட் எங்க போச்சு, பூனை குடிச்சிச்சான்னேன். "நான் தொட்டியிலருந்துதான் எடுக்கறேன், நம்பு"ன்னாரு. தொட்டி இருந்தா நெட் எதுக்குத் தீருது, பொய் சொல்ற வாய்க்கு அளவே இல்லையான்னு கேட்டுட்டேன். இனிமே உங்க ப்ளேனுக்கு இந்த வீட்டுல எறங்க இடம் கிடையாதுன்னும் சொல்லிட்டேன். அவரு யூனிஃபார்ம் சட்டைய மாட்டினாரு. ஷூவ மாட்டினாரு, போயிட்டாரு. டிபன் டப்பாவக்கூட எடுக்கல. அதோ, அங்கயே இருக்கு பாருங்க. பொய் சொன்னவருக்குப் பசிக்காது போலருக்கு.

என் பக்கம் ஏதாவது குத்தம் சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்க. சொல்லாதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க. லேசா. அந்தக் கம்ப்யூட்டரை நான் எப்படி வெச்சிருக்கேன் தெரியுமா? வெள்ளிக்கிழமையானா வீடு துடைக்கறப்போ அதையும் துடைச்சிடுவேன். வெளிய மட்டும் இல்ல, உள்ளயும். இந்தப் பரீட்சைக்காக நான் பேக் போடறது, கழட்டறது, முடி கட்டறதெல்லாம் நானே வீடியோ எடுத்து, திரும்பப் போட்டுப் பாத்து, கை எங்க தடுமாறுதுன்னு கவனிப்பேன். ஒருநாள் வீடியோவச் சேத்து வைக்கப் போனா இடமில்லைங்குது. செகப்புல ஒரு கோடு போட்டுக் காட்டுது. இவரைக் கேட்டா நாளைக்குப் பாக்கலாம்பாரு, அவரோட நாளைக்கு என்னைக்கு வரும்? நானே உக்காந்தேன். எது பெருசு எது சிறுசுன்னு வரிசையா அடுக்கிக் காட்டுற வித்தை எனக்குத் தெரியும். அடுக்கினேன். மேல ஒண்ணு வந்து நிக்குது பாருங்க, யானைக்குட்டி மாதிரி. பேரும் புரியல, படமும் இல்ல. தட்டித் திறந்தா திறக்கவே மாட்டேங்குது. திறக்காத பெட்டி வீட்டுல எதுக்கு? எடுத்துக் குப்பைத்தொட்டியில போட்டேன். அதையும் காலி பண்ணினேன். எவ்வளவு இடம் கெடைச்சுது தெரியுமா? வீட்டுக்குள்ள புதுசா ஒரு ரூம் கட்டின மாதிரி இருந்துச்சு.

என்னக்கா? மூக்கு அரிக்குதா? இருங்க, பஞ்சால ஒத்தி விடறேன். மூக்கு இல்லையா? தண்ணியா? கையை எதுக்கு இப்படி இப்படி விரிக்கிறீங்க... பெருசா. ஆமா பெருசுதான், அதைத்தான் சொல்றேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, அது அடுத்த வாரமே திரும்ப வந்து நிக்குது. வேற பேருல. கொஞ்சம் சின்னதா, ஆனா வளந்துக்கிட்டே இருக்கு. களை மாதிரி. களையெடுக்கறது நமக்குப் புதுசா? வாராவாரம் வெள்ளிக்கிழமை பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காட்டலியே. தெரிஞ்சுதான் ஆகணும்னு என்ன இருக்கு, நல்லது செஞ்சா சொல்லிக்கிட்டா செய்வோம்...

ஐயோ அக்கா, தோள் குலுங்குது. எதுக்கு இப்பச் சிரிப்பு? அவரைப் பத்திச் சொன்னப்பச் சிரிச்சீங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு. நான் வீட்டைச் சுத்தம் பண்ணினதுல என்ன சிரிப்பு? உதட்டுக்குக் கீழ ஒரு கோடு விழுந்துடுச்சு பாருங்க. இருங்க, விரலை நனைச்சுத் தடவி விடறேன். ஃபோன்ல என்னத்த அடிக்கிறீங்க? காட்டுங்க.

"முதல் தடவை எப்ப அழிச்சே?"

எப்பன்னா... அது ஒரு வெள்ளிக்கிழமை. எந்த வெள்ளிக்கிழமைன்னா, அவரு கம்ப்யூட்டரைப் பெட்ஷீட்டுல சுத்திக் கொண்டுபோனாருல்ல, அதுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. நல்லா ஞாபகம் இருக்கு, அந்தப் பெட்ஷீட்டைத்தான் அன்னைக்குத் துவைச்சேன். ஞாயித்துக்கிழமை அவரு நெரப்பிட்டு வந்தாரு. வெள்ளிக்கிழமை நான்...

...

அக்கா.

அக்கா, அந்தப் பெட்டி.

திறக்கலியே அது. உள்ள ஒரு வீடாவது மரமாவது தெரிஞ்சிருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேனே. டிப்போ, மார்க்கெட்டு, ஆஸ்பத்திரி, பாலம்... தனிச் சதுரமா எடுத்த குளம். எல்லாத்தையும் குப்பையில போட்டு, குப்பையையும் கொட்டிட்டேன். அப்புறம் இவரு பறக்கப் பறக்க அது பாவம் மறுபடி முதல்லருந்து நெட்ல தரைய அள்ளிக் கொண்டுவந்து சேத்துருக்கு. வாராவாரம் சேத்துருக்கு. வாராவாரம் நான் அடியில இருக்கற மூடியத் திறந்து விட்டிருக்கேன்.

அவரு பொய்யே சொல்லலக்கா. அவருக்கே தெரியாது. தொட்டி நெறஞ்சிருக்குன்னு நம்பிக்கிட்டுப் பறந்திருக்காரு.

இப்படிப் பாக்காதீங்க. வெறும் கண்ணு மட்டும் தெரியற முகத்துல இவ்வளவு கேள்வி கேக்க முடியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. சொல்லணும்தான். சொல்லுவேன். சமயம் பாத்துச் சொல்லுவேன். பொய் சொல்ற வாய்ன்னு சொன்ன வாயால உடனே எப்படிச் சொல்றது, அதுக்கும் இந்த வாய்க்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா? அதுக்கு முன்னாடி மேடத்துக்கு என்ன சொல்றதுன்னு பாக்கணும். மணி வேற ஆகப்போகுது. மேடம், இன்னைக்கு நெட் இல்ல, நாளைக்கு வாங்கன்னா அவங்க வருவாங்களா? நெட்டைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவ பொண்ணுங்களுக்கு என்ன கத்துக்கொடுப்பாங்கறது அவங்களுக்குத் தோணாதா? இத்தனை நாள் பழகிப் பழகிப் பாத்து, அந்தப் பழகின வீடியோவ வைக்க இடம் பண்ணப் போய்த்தான்... என் பரீட்சைய நானே தின்னுட்டேன்க்கா.

அது என்ன சத்தம்? எந்தப் பஸ்ஸு இது சந்துக்குள்ள வருது? ரிவர்ஸ்ல வருது பாருங்க, ஜன்னலையே மறைச்சிடுச்சு. எவன்டா அவன்... இருங்க, நீங்க எந்திரிக்காதீங்க, நான் பாக்கறேன்.

அட. இது இவரு பஸ்ஸு.

ஏங்க, என்னங்க இது? டூட்டியில இருக்கீங்கல்ல? ஓ, ட்ரிப்புக்கு நடுவுல ஓய்வா. டிப்போவுல நிக்க வேண்டிய வண்டிய எதுக்கு இங்க... என்னது? பஸ்ஸுல வைஃபையா? பயணிகளுக்குக் கொடுக்கறதா? கூரை மேல ஆன்டெனா இருக்கா. அக்கா, கேட்டீங்களா, பஸ்ஸு கூரை மேல ஆன்டெனா இருக்காம். கண்டக்டர் அண்ணன்கிட்டச் சொல்லி, டிப்போ மேனேஜர்கிட்டக் கேட்டு, ஓய்வு நேரத்துக்கு மட்டும் நிறுத்திக்கறேன்னு அனுமதி வாங்கிட்டு வந்திருக்காரு. ஜன்னலை ஒட்டி நிறுத்தினா உள்ள வரைக்கும் எட்டும்னு அளந்து நிறுத்தியிருக்காரு. இவங்க யாரா? இவங்க என் மாடல். பயப்படாதீங்க, பேக்தான் போட்டிருக்கு, உள்ள நல்லாத்தான் இருப்பாங்க.

கம்ப்யூட்டர்ல போடுங்க, சீக்கிரம். வருதா? வந்துடுச்சா? என் அப்பனே. படம் பட்டுனு வருதுக்கா, மூக்கும் முடியும் ஒண்ணா வருது.

என்னங்க? என்ன, கையைப் பிசையறீங்க? ...சே, எதுக்கு மன்னிப்பெல்லாம். அழாதீங்க, அழலியா, வேர்வையா, சரி. இனிமே பறக்கவே மாட்டீங்களா? அந்தக் கைப்பிடிய யாருக்காவது கொடுத்துடறீங்களா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க. நான் மன்னிச்சுட்டேன்.

அக்கா, நீங்க அந்தப் பக்கம் பாருங்க. என்னைப் பாக்காதீங்க. உங்க கண்ணைப் பாத்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது.

இல்லங்க, நெஜமாத்தான் சொல்றேன். நீங்க பறக்கணும். குளத்தைப் பாக்காம உங்களால இருக்க முடியுமா? வர்ற ஞாயித்துக்கிழமை நானே கூட வரேன், கம்ப்யூட்டரை நானே மடியில வெச்சுக்கறேன். தம்பி ஆபீஸுக்குப் போய் மறுபடி தொட்டிய நெரப்பிட்டு வந்துடலாம்...

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? ஏற்கெனவே நெறஞ்சு தானே இருக்குன்னா... ஆமா, நெறஞ்சுதான் இருக்கு. இருந்துச்சு. மறுபடி எதுக்கு நெரப்பணும்னா... அது வந்துங்க... அக்கா, நீங்களாவது... அக்கா, சிரிக்காதீங்க, தாடையிலருந்து காது வரைக்கும் போகுது, ஐயோ கன்னம் பூரா பேந்து மடியில விழுது...

மணியடிக்குது. மேடம். நகருங்க, நகருங்க, மேடம் வந்துட்டாங்க.

வணக்கம் மேடம். நல்லாத் தெரியறீங்க மேடம், ரொம்பத் தெளிவா. நெட்டா? பஸ்ஸுலருந்து வருது மேடம். ஜன்னலை ஒட்டி நிக்குது மேடம், அது நகர்ந்தா நெட்டும் போயிடும். இவரு எங்க வீட்டுக்காரரு. வணக்கம் சொல்லுங்க. சொல்ல மாட்டேங்கறாரு மேடம், எதையோ யோசிச்சுக்கிட்டு நிக்கறாரு. பேக்கா? ஆமா மேடம், விரிஞ்சிருக்கு. பாளம் பாளமா விரிஞ்சுதான் இருக்கு. போட்டதுல தப்பில்ல மேடம், கலந்ததுலயும் தப்பில்ல, ஒரே பதமாத்தான் போட்டேன், இவங்களையே கேளுங்க. இவங்க சிரிச்சுட்டாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னா...

சொல்லத்தான் வேணுமா மேடம்?

சொல்லிடறேன். நாளைக்குப் பொண்ணுங்களுக்குக் கத்துக்கொடுக்க வர்றவ, விரிசல் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லாம மறைச்சா நல்லா இருக்காது. ஏங்க, நீங்களும் கேட்டுக்கோங்க, ரெண்டு தடவை என்னால சொல்ல முடியாது. மேடம், இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊரு இருந்துச்சு. முழு ஊரு. இவரு ஞாயித்துக்கிழமை லீவை வீணாக்கிக் கொண்டுவந்து வெச்சது. அதைத் திறக்காத பெட்டின்னு நெனச்சு நான் துடைச்சுப் போட்டுட்டேன். ஒரு தடவை இல்ல மேடம், வாராவாரம். டிப்போ, ஆஸ்பத்திரி, ஒரு பெரிய குளம்... எல்லாத்தையும் போட்டுட்டு, நெட்டைக் குடிச்சது நீங்கதான்னு காலைல இவரைச் சாப்பிடாம அனுப்பிட்டேன். இப்ப மன்னிச்சுட்டேன்னும் சொல்லிட்டேன்.

மேடம்? மேடம், கேக்குதா? படம் நின்னுடுச்சா? நிக்கல, மேசை மேல கவுந்து படுத்துச் சிரிக்கறாங்க.

ஏங்க. எதுக்கு இப்படி ஒரு சிரிப்பு, பல்லு தெரியாம? டப்பாவையா எடுக்கறீங்க, எடுத்துக்கோங்க, சாப்பிடுங்க, அதுக்குத்தானே வெச்சிருக்கேன். கையில என்ன, சாவி? சாவிய எதுக்குச் சுத்தறீங்க? எங்க கெளம்பிட்டீங்க? ஏங்க. ஏங்க, விளையாடாதீங்க, பஸ்ஸை எடுத்துடாதீங்க. மேடம் இன்னும் சிரிச்சு முடிக்கல.